விருது உண்டு, வீடு இல்லை: தலைநகரில் மூத்த கலைஞர்களின் நிலை

புது தில்லி: தில்லி ஆசிய விளையாட்டுக் கிராமத்தில் உள்ள அரசுக் குடியிருப்பிலிருந்து 2022 ஏப்ரல் 26-ஆம் தேதி ஒடிஸி நடன மேதை மாயாதர் ராவுத் வெளியேற்றப்பட்டார். அப்போது அவருக்கு வயது 91. வீட்டுப் பொருள்களோடு, 2010-இல் அவருக்கு வழங்கப்பட்ட பத்மஸ்ரீ விருதுச் சான்றும் தெருவில் வைக்கப்பட்டது. கலைஞர்களுக்கு அரசு அளிக்கும் ஆதரவு சலுகையா, கடமையா என்ற கேள்வியை அச்சம்பவம் எழுப்பியது.

சென்னை கலாக்ஷேத்ராவில் 1950-களில் பயின்ற ராவுத், ஒடிஸி நடனத்துக்கு இலக்கணம் வகுத்த முன்னோடிகளுள் ஒருவர். தில்லி ஸ்ரீராம் பாரதீய கலா கேந்திரத்தில் பல ஆண்டுகள் ஆசிரியராக விளங்கிய அவர், 2025 பிப்ரவரியில் காலமானார்.

திட்டமும் ரத்தும்: கலாசார அமைச்சகத்தின் பரிந்துரையின் பேரில், மாதம் ரூ. 20 ஆயிரத்துக்கும் குறைவாக வருமானம் ஈட்டும் கலைஞர்கள் 40 பேர் வரை தலைநகரில் அரசு வீடு ஒதுக்கப் பெறலாம் என்பது விதி. அவ்வாறு வீடு பெற்றவர்களின் ஒதுக்கீடு 2014-இல் ரத்து செய்யப்பட்டது. 2020 டிசம்பர் 31-க்குள் காலி செய்யுமாறு 27 கலைஞர்களுக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டது. நீதிமன்றத்தை நாடியவர்களுள் ஒருவரான கதக் மேதை பிர்ஜு மகாராஜ் 2022 ஜனவரியில் மறைந்தார். அடுத்த மாதமே கலைஞர்களின் மனு தில்லி உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. காலி செய்ய இரு மாத அவகாசம் மட்டுமே கிடைத்தது.

அரசுத் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அரசு வீடு எவருக்கும் நிரந்தரச் சொத்தாக முடியாது. ஒதுக்கீட்டுக் காலம் முடிந்தபின் காலி செய்வதே முறை. ஆனால், 80, 90 வயதைக் கடந்தவர்களுக்கு மாற்று ஏற்பாடு என்ன என்பதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

ஓய்வூதியம் போதுமா?: பத்ம விருதுகளுடன் பணமுடிப்பு எதுவும் கிடையாது. நலிந்த மூத்த கலைஞர்களுக்கான மத்திய அரசின் நிதியுதவித் திட்டத்திலோ, 60 வயது நிறைந்து ஆண்டு வருமானம் ரூ. 72 ஆயிரத்தைத் தாண்டாதவர்களே பயன்பெற முடியும். மாதந்தோறும் கிடைப்பது அதிகபட்சம் ரூ. 6 ஆயிரம். தலைநகரின் வாடகைக்கு முன் இத்தொகை எம்மாத்திரம்? பல குருமார்களுக்கு வீடே பயிற்சிக்கூடம் என்பதால், வீட்டை இழப்பவர் சீடர்களையும் இழக்க நேரிடுகிறது.

நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளிலேயே, 1952-க்கும் 1954-க்கும் இடையே சங்கீத நாடக அகாதெமி, சாகித்ய அகாதெமி, லலித் கலா அகாதெமி ஆகியவற்றை மத்திய அரசு நிறுவியது. மன்னர்களும் ஜமீன்தார்களும் விலகிய இடத்தில் புரவலர் பொறுப்பை அரசே ஏற்றதன் அடையாளம் அது. அப்பொறுப்பு அமைச்சகத்தின் பரிந்துரைக் கடிதத்தை நம்பியிருக்கும்வரை, ஓர் ஆட்சி அளித்ததை மற்றோர் ஆட்சி எளிதில் திரும்பப் பெறலாம். தகுதி, கால வரம்பு, முதுமைக்கால மாற்று ஏற்பாடு ஆகியவற்றை வரையறுக்கும் நிரந்தர விதிமுறைகள் வகுக்கப்பட்டால்தான், அரசின் ஆதரவு தயவு என்ற நிலையிலிருந்து உரிமை என்ற நிலைக்கு உயரும்.