32 கிலோவும் ஒரு கர்ப்பிணியும்

அமெரிக்காவில் யுபிஎஸ் நிறுவனத்தின் பார்சல் வண்டியை ஓட்ட வேண்டுமென்றால் 70 பவுண்டு எடையைத் தனியாளாகத் தூக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 32 கிலோ. அரிசிக்கடையில் வாங்கும் 25 கிலோ சிப்பத்தைவிடக் கூடுதல். இன்னொருவர் கைகொடுத்தால் 150 பவுண்டு வரை தூக்க வேண்டும். அந்தப் பழுப்பு நிற வண்டிகளின் படியில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர்களில் பெண்களும் இருக்கிறார்கள்.

பளு தூக்குவதற்கு உடல் வலு மட்டும் போதாது. பெட்டியை ஒட்டி நிற்க வேண்டும், முழங்காலை மடக்க வேண்டும், எதிரெதிர் மூலைகளைப் பிடிக்க வேண்டும். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை எடுத்துவைத்துத் திரும்ப வேண்டும். மேரிலாண்ட் மாநிலத்தின் லேண்ட்ஓவரில் 2007இல் யுபிஎஸ் திறந்த பயிற்சிப் பள்ளியில் புதிய ஓட்டுநர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். வழுக்கும் தரையில் விழாமல் நடக்கவும் பழக்கினார்கள். பழகினால் வரக்கூடிய வேலைதான் இது. பெண்ணால் முடியுமா என்ற கேள்விக்கு அந்த வண்டிகளை ஓட்டும் பெண்களே பதில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் உடம்பில் ஒரு மாற்றம் வரும்போது நிறுவனம் என்ன செய்கிறது என்பதைத்தான் இனிக் கேட்க வேண்டும்.

அதே லேண்ட்ஓவரில் பகுதிநேர ஓட்டுநராக இருந்தவர் பெக்கி யங். பல முறை கரு கலைந்த பிறகு 2006இல் அவர் கருவுற்றார். முதல் 20 வாரங்களில் 20 பவுண்டுக்கு மேலும், அதன்பின் 10 பவுண்டுக்கு மேலும் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். 10 பவுண்டு என்றால் நாலரைக் கிலோ. கனமான பார்சல் வந்தால் தூக்கிக்கொடுக்க உடன் வேலை செய்தவர்கள் தயாராகவே இருந்தார்கள். நிறுவனம் ஒப்பவில்லை. 70 பவுண்டு தூக்க முடியாதவர் வேலைக்கு வரக் கூடாது என்றது. கர்ப்பகாலத்தின் பெரும்பகுதியை யங் சம்பளம் இல்லாமல் வீட்டில் கழித்தார். மருத்துவக் காப்பீடும் போயிற்று. பிரசவச் செலவு எவ்வளவு ஆகும் என்று தெரிந்த எந்தக் குடும்பத்துக்கும் அது எத்தகைய இடி என்று விளங்கும்.

விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்திருந்தால் யங் தொடுத்த வழக்கே எழுந்திருக்காது. வேலையின்போது அடிபட்டவருக்கு யுபிஎஸ் இலகுவான வேலை கொடுத்தது. சட்டம் ஏற்கும் உடற்குறை உள்ளவருக்குக் கொடுத்தது. ஓட்டுநர் உரிமம் பறிபோனவருக்குக்கூட வேறு வேலை தந்தது. இலகு வேலை கேட்டுச் சிக்கலானது கர்ப்பிணிகளின் விஷயத்தில் மட்டும்தான் என்று தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவரே சாட்சியம் சொன்னார். உரிமத்தை இழந்தவருக்காக வளைந்த விதி, வயிற்றில் பிள்ளையைச் சுமந்தவருக்கு மட்டும் ஏன் வளையவில்லை?

அமெரிக்கச் சட்டம் இதைப் பற்றி 1978லேயே பேசியிருந்தது. வேலை செய்யும் திறனில் ஒத்த நிலையிலுள்ள மற்றவர்களை நடத்துவதுபோலவே கர்ப்பிணிகளையும் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் எந்த ‘மற்றவர்கள்’ என்பதில் தகராறு. கர்ப்பிணி, கர்ப்பிணி அல்லாதவர் என்று எங்கள் விதி பிரித்துப் பார்க்கவே இல்லை என்று நிறுவனம் வாதிட்டது. கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றன. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2015 மார்ச் 25 அன்று 6–3 என்ற கணக்கில் யங்கின் வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. இத்தனை பேருக்கு இடம் கொடுத்தவர்கள் கர்ப்பிணிகளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீபன் பிரேயரும் கேட்டார். கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்புகளும் ஆதரிக்கும் அமைப்புகளும் யங்கின் பக்கம் ஒன்றாக நின்றன. அமெரிக்க அரசியலில் இது அபூர்வம்.

தீர்ப்புக்கு முன்பே நிறுவனம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதற்குள் யங்கின் குழந்தை பள்ளி வயதை எட்டியிருந்தது. ஒரு கர்ப்பிணிக்கு நியாயம் அந்த மாதங்களிலேயே கிடைக்க வேண்டும். அதற்கான தனிச் சட்டம் 2023 ஜூன் 27 அன்றுதான் அமலுக்கு வந்தது. 15 பேரையோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், தங்களால் தாங்க முடியாத சிரமம் இல்லாதவரை, கர்ப்பிணிக்கு எடை குறைந்த வேலை, உட்கார இடம், தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் இடைவேளை போன்றவற்றைச் செய்துதர வேண்டும்.

ஆனால் இந்தச் சட்டம் காப்பது சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பணியாளரைத்தான். செல்போன் செயலியைப் பார்த்துச் சொந்தக் காரில் பார்சல் கொண்டுபோகும் பெண்ணுக்குப் பெயர் ‘ஒப்பந்ததாரர்’. இந்தியாவிலும் இதே ஓட்டை உண்டு. பிரசவத்துக்கு முந்தைய குறிப்பிட்ட சில வாரங்களில், பெண் கேட்டுக்கொண்டால், அவருக்குக் கடும் உடலுழைப்பு கொடுக்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே சொன்னது. ‘டெலிவரி பார்ட்னர்’ என்று அழைக்கப்படும் பெண் அந்தக் கோரிக்கையை வைக்க எதிரே முதலாளி என்று யாரும் இல்லை. தமிழக அரசு 2023இல் செயலிவழித் தொழிலாளர்களுக்கென நல வாரியம் அமைத்தது நல்ல தொடக்கம். ஆனால் தண்ணீர் கேன் ஆர்டர் வந்தால் அதைக் கர்ப்பிணிக்கு அனுப்பாமல் பக்கத்தில் இருக்கும் வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டியது செயலியை நடத்தும் நிறுவனம்தான்.