கருப்பொருளும் வளப்பொருளும்

அகத்திணைக்குரிய பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார் தொல்காப்பியர். அவற்றுள் கருப்பொருள் நிலத்தைச் சார்ந்து தோன்றுவது. தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என அதன் வரிசை செல்லும். இதனை ‘நிலத்தின் வளப்பட்டியல்’ என்றே விளக்கும் போக்கு இக்கால மாணாக்கரிடையே மிகுந்து வருகின்றது. எம் துறையில் நிகழ்ந்த வாய்மொழித் தேர்வொன்றில் முதுகலை மாணவர் ஒருவர், நெய்தற்கு உப்பும் முத்தும், குறிஞ்சிக்கு மிளகும் தேனும் என அட்டவணை வகுத்து, ஒவ்வொன்றற்கும் எதிரே ‘பயன்’ என்றொரு நிரலும் இட்டிருந்தார். இவ்வமைப்பு யாண்டிருந்து பெறப்பட்டது என வினவினோம். தாம் ஆடும் கணினி விளையாட்டு ஒன்றிலிருந்து என்று சிறிது நாணத்துடன் விடை கூறினார். உடனிருந்தார் சிலர் நகைத்தனர். யாம் நகைத்திலேம்; அவ்விளையாட்டைக் கற்கத் தொடங்கினோம். கற்றதன் பயனை ஈண்டு உரைப்பாம்.

அவ்விளையாட்டு, சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் வகுக்க 1991ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த ‘சிவிலிசேஷன்’ என்பதாகும். ஆடுவார் ஒரு நாகரிகத்தின் தலைமையை ஏற்றுக் கி.மு. 4000 தொடங்கி நகர் அமைத்து, நிலம் திருத்தி, படை திரட்டி, பிறரோடு வணிகமும் போரும் நடத்துவர். பதிப்புகள் பலவாயினும், 2016இல் வெளிவந்த ஆறாம் பதிப்பையே பெரிதும் தழுவி எழுதுகின்றோம். அதில் உலகம் அறுகோணக் கட்டங்களாக அமைந்துள்ளது. ஒவ்வொரு கட்டமும் புல்வெளி, சமவெளி, பாலை, கடல் என ஒரு நில இயல்பு உடையது. சில கட்டங்களில் மட்டும் ஒரு பொருள் இருக்கும். நிலம் தானே தரும் விளைவுக்கு மேலாக அப்பொருள் தருவதனை ‘மிகைப்பயன்’ என யாம் வழங்குவாம்.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். வெறும் புல்வெளி 2 உணவு தரும். அதன்கண் நெல் இருப்பின் உணவு 3 ஆகும். கழனி அமைத்தால் மேலும் கூடும். நகரில் நீராலை கட்டினால் பின்னும் ஒன்று கூடும். நெல், கோதுமை, கால்நடை, மீன் முதலியன இவ்வாறு வயிற்றுக்கும் தொழிலுக்கும் உதவும் துணைப்பொருள்கள். பட்டு, முத்து, உப்பு, நறுமணப்பொருள், தேயிலை முதலியன இன்பப்பொருள்கள். ஒன்றைப் பெற்றால் 4 நகரங்களில் மக்கள் மனநிறைவு ஒவ்வோர் அளவு உயரும். அதே பொருளை இரண்டாவதாகப் பெற்றாலும் மனநிறைவு மேலும் உயராது. பிறர்க்கு மாற்றிக் கொள்ளவே அது பயன்படும். குதிரை, இரும்பு, வெடியுப்பு, நிலக்கரி முதலியன படைப்பொருள்கள். இவற்றுள் இரும்பைப் பற்றிய விதி எம் உள்ளத்தைக் கவர்ந்தது. வெண்கலத் தொழிலைக் கற்கும்வரை இரும்பு இருக்கும் கட்டம் வெற்று நிலமாகவே தோன்றும். கற்றபின்னரே அது கண்ணுக்குப் புலப்படும். மண்ணில் கிடப்பதனாலேயே ஒன்று வளமாகி விடாது என்னும் இக்கருத்து, வரலாற்று நூல்கள் பலவற்றினும் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பெற்றதில்லை எனலாம்.

இன்னொன்றும் கூறத்தக்கது. இவ்விளையாட்டின் மிகைப்பயன் உணவோடும் பொன்னோடும் நின்றுவிடுவதில்லை. தேயிலை அறிவியலை வளர்க்கும். பட்டு பண்பாட்டை வளர்க்கும். முத்தும் நறும்புகைப் பொருளும் சமயப் பற்றைத் தரும். உணவையும் தெய்வத்தையும் பறையையும் ஒரே நூற்பாவில் நிரல்படக் கூறிய தொல்காப்பியரைப் பயின்றார்க்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆதலின் அம்மாணவர் கண்ட ஒப்புமை முற்றும் பிழையன்று. நிலம் பொருளைத் தீர்மானிக்கும் என்பதும், பொருளின் பயன் பலதிறப்படும் என்பதும் இரண்டிடத்தும் உள்ளன. ஒப்புமை முறியும் இடமே நாம் கருதிப் பார்க்கவேண்டுவது.

உப்பை எடுத்துக்கொள்வோம். ஆறாம் பதிப்பில் உப்பின் மிகைப்பயன் உணவு 1, பொன் 1. சுரங்கம் அமைத்த அளவில் அது நகர்க்கு உரித்தாகி விடும். அதனை விளைத்தவர், சுமந்தவர், விற்றவர் எவரும் அவ்வுலகில் இலர். அகநானூற்றின் 140ஆம் பாட்டில் அம்மூவனார் காட்டும் உப்போ வேறு. பரதவர் விளைத்த உப்பை உமணர் வண்டியேற்றி உள்நாடு நோக்கிச் செல்கின்றனர். அவ்வுமணருள் ஒருவனின் மகள், நெல்லும் உப்பும் ஒத்த அளவினவாக மாறுமென்று சேரியில் விலை கூறித் திரிகின்றாள். அவளைக் கண்ட தலைவன் நெஞ்சம் வருந்திப் பெருமூச்செறிகின்றது. அம்மூச்சுக்குப் புலவர் தேடிய உவமை யாது? சேற்றில் அழுந்திய அவள் தந்தையின் வண்டியை இழுக்கும் எருதின் மூச்சு. உப்பின் பாரமே காதலின் பாரமாகி விடுகின்றது. கருப்பொருள் உரிப்பொருளுக்குப் பணி செய்வது இவ்வாறு. ‘உப்பு, பயன்: உணவு’ என எழுதிய நிரலில் அவ்வெருது மூச்சுவிட இடமில்லை. விளையாட்டுக்கு இது குறையாகாது. அது வேறொன்றற்காகச் செய்யப்பட்டது. ஆய்வேட்டுக்கோ பெருங்குறையாம்.

மேலும், ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தும் வரலாம் எனத் தொல்காப்பியர் இடந்தந்தார். விளையாட்டின் விதி இதற்கு இடந்தராது. நெல் தோன்றுமிடம் புல்வெளி. கோதுமை பெரும்பாலும் தோன்றுமிடம் சமவெளி.

இனிக் குதிரை. ஆறாம் பதிப்பில் அது புல்வெளியிலோ சமவெளியிலோ கிடைப்பது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் பெருந்தெருவை நிரப்பும் பொருள்களை அடுக்குங்கால், குதிரையைக் கடல்வழி வந்ததாகவே கூறினார். தொடர்ந்து மிளகு மூடைகளும், வடமலைப் பொன்னும் மணியும், மேற்குமலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்தும், கீழ்கடற் பவளமும், கங்கையின் வருவாயும், காவிரியின் பயனும், ஈழத்து உணவும், காழகத்து ஆக்கமும் வருகின்றன. காவிரியின் பயன் என்னும் ஒன்றை நீக்கினால், ஏனையவெல்லாம் பிற இடங்களிலிருந்து வந்தவை. ஓரூரின் செல்வத்தைப் பாட வந்த புலவர், அவ்வூர் நிலத்தில் கிடப்பது யாது என்று கணக்கெடுக்கவில்லை. அவ்வூர்க்கு எவ்வெத்திசையிலிருந்து எவ்வெப்பொருள் வந்தது என்று கணக்கெடுத்தார். ஆறாம் பதிப்பில் நாடுகள் ஒன்றற்கொன்று குதிரையும் முத்தும் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மையே. எனினும் உடன்படிக்கை முடிந்த நொடியிலே பொருள் கைம்மாறி விடும். வணிகச்சாத்து ஒன்று தனியே உண்டு. அது சுமப்பது பொன்னும் உணவும் போன்ற விளைவுகளையன்றிக் குதிரையையோ முத்தையோ அன்று. கலமும் காற்றும் வேண்டாத வணிகம் அது.

மிளகின் நிலை இன்னும் விந்தையானது. ஆறாம் பதிப்பில் மிளகுக்குத் தனிப்பெயர் இல்லை. நறுமணப்பொருள் என்னும் பொதுப்பெயருள் அடங்கி 2 உணவு தருகின்றது. மிளகை வயிறு நிறைக்கும் பண்டமாகக் கொண்டது எமக்கு இன்றும் விளங்காத புதிர். 2010இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் 2013ஆம் ஆண்டு விரிவில் மிளகு தன் பெயரோடு வருகின்றது. ஆனால் சாதிக்காய், கிராம்பு ஆகியவற்றோடு சேர்த்து இந்தோனேசியர்க்கே அதனை உரிமையாக்கினர். சாதிக்காய் பண்டாத் தீவுகளினது, கிராம்பு மலுக்குத் தீவுகளினது என்பது மெய். மிளகுக் கொடியின் தாயகமோ மேற்குத்தொடர்ச்சி மலை. பிற்காலத்தே சுமத்திராவும் சாவகமும் மிளகு விளைத்துப் பெருவணிகம் நடத்தின ஆதலின் இதனை முழுப்பொய் என்று தள்ளவும் இயலாது. எனினும் யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட முசிறியை அகநானூறு 149இல் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய காலத்தில் அதன் உரிமை யார்பால் இருந்தது என்பது ஐயத்திற்கு இடமில்லாதது. செங்கடற் கரையிலுள்ள பெரெனிகே என்னும் பழந்துறையில், கோயிலொன்றன் தளத்தில் புதைந்த இந்தியச் சாடியினின்று ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு 1999இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அம்மிளகின் விலையை ஆக்கியது அது விளைந்த மலை மட்டுமன்று. இடைப்பட்ட கடலும் அதனைக் கடந்த கைகளுமாம்.

2025இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு இக்குறையை ஓரளவு உணர்ந்ததுபோலும். அதன் இடைக்காலப் பகுதியில் சில பொருள்கள் ‘கருவூலப் பொருள்கள்’ எனப் பெயர் பெறுகின்றன. தொலைநிலங்களில் பெற்ற அவற்றைக் கப்பலேற்றித் தாயகத் துறைக்குக் கொணர்ந்தால்தான் பயன் உண்டு. கலம் மீண்டு வந்துவிட்டது. அப்பதிப்பில் சோழரும் இடம்பெற்றுள்ளனர். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களின் பெயர்கள் இரு கட்டடங்களுக்கு இடப்பட்டுள்ளன. இரண்டும் ஒருங்கே அமைந்தால் அப்பகுதி ஐந்நூற்றுவர் பெயர் பெறும். சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் ஐந்நூற்றுவரைக் கண்டு மகிழ்ந்த எமக்கு, அவர்களை இவ்விடத்துக் கண்டதும் மகிழ்ச்சியே. மாந்தரைக் கட்டடமாக்கியது மட்டும் சற்றே உறுத்தியது.

ஆனால் வெளிவந்தபோது அமைந்த வகுப்பின்படி, நறுமணப்பொருளும் அத்தொலைநிலக் கருவூலப் பொருள்களுள் ஒன்று. சோழனாக ஆடுவான், மிளகு விளையும் மலையின் அருகேயிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து நறுமணப்பொருளைத் தேடிச் செல்லல் வேண்டும். தொலைவு என்பது யாரிடமிருந்து தொலைவு? இலிசுபனிலிருந்து நோக்கினார்க்கு மிளகு தொலைநிலச் செல்வம். முசிறியிலிருந்து நோக்கினார்க்குத் தொலைவிலிருந்து வந்தது பொன். விளையாட்டு இலிசுபனின் கண்ணை எல்லா நாகரிகங்கட்கும் பொருத்திவிட்டது.

இவற்றையெல்லாம் அம்மாணவரோடு பலநாள் பேசினோம். அவர் தம் அட்டவணையைக் கைவிடவில்லை. கைவிடுமாறு யாமும் கூறவில்லை. ‘பயன்’ என்ற நிரலை அடித்துவிட்டு, ‘எவர் கையிலிருந்து எவர் கைக்கு’ என்றொரு நிரலும், ‘எவ்வுணர்வுக்கு’ என்றொரு நிரலும் இட்டுக் கொணர்ந்தார். உப்புக்கு எதிரே இரண்டும் நிறைந்திருந்தன. தேனுக்கு எதிரே முதல் நிரல் வெறுமையாக இருந்தது. அதனை நிரப்ப இப்போது மலைபடுகடாத்தைப் படித்துக்கொண்டிருக்கின்றார்.