உதிர்ந்து போன இரண்டு இராட்சதர்கள்



பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்கு உங்களில் பலர் சென்றிருப்பீர்கள். செல்லாதவர்கள் அடுத்த விடுமுறையில் அவசியம் சென்று வாருங்கள். 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரு மரம் அங்கே கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-ஆம் ஆண்டில் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். இன்று கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் இப்பகுதி, கிரெட்டேசியக் காலத்தில் கடலாக இருந்தது. கரையிலிருந்து அடித்து வரப்பட்ட மரம் கடலடிச் சேற்றில் புதைந்து, அணு அணுவாகக் கல்லாகிவிட்டது.

கல்லாகிவிட்ட பொருளுக்கு இனி அழிவில்லை என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்துவிட்டு, மனிதன் கை பட்ட பிறகு தூளாகிப்போன இரண்டு எலும்புகளைப் பற்றி இப்போது சொல்லப் போகிறேன். ஒன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிடைத்தது. மற்றொன்று, அரியலூருக்கு வடகிழக்கே உள்ள கல்லமேட்டில் கிடைத்தது. இரண்டுமே, உலகில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளின் எலும்புகளாக இருந்திருக்கக் கூடும்!

முதலில் அமெரிக்கக் கதையைப் பார்ப்போம்.

1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது. 1869-இல் கிழக்குப் பகுதியையும் மேற்குக் கடற்கரையையும் இணைக்கும் இருப்புப்பாதை போட்டு முடிக்கப்பட்டது. அதுவரை எளிதில் எட்ட முடியாதிருந்த மேற்குப் பகுதியின் வறண்ட பாறை நிலங்களுக்கு, கிழக்கே இருந்த பேராசிரியர்கள் ரயிலேறிப் போகும் காலம் வந்தது. தங்கம் தேடி ஒரு கூட்டம் போனது போலவே எலும்பு தேடியும் ஒரு கூட்டம் போயிற்று.

அவர்களில் இருவர் பெயர் பெற்றவர்கள். ஒருவர் யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒத்னியேல் சார்லஸ் மார்ஷ். பெரும் செல்வந்தரான அவருடைய மாமா ஜார்ஜ் பீபாடி, யேலில் ஓர் அருங்காட்சியகத்துக்கே பணம் கொடுத்திருந்தார். மற்றவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த எட்வர்ட் டிரிங்கர் கோப். கைப்பணத்தைச் செலவிட்டே ஆராய்ச்சி செய்தவர். தொடக்கத்தில் நண்பர்களாக இருந்த இருவரும் விரைவிலேயே கீரியும் பாம்புமாக ஆனார்கள். எலாஸ்மோசாரஸ் என்ற கடல் ஊர்வனத்தின் எலும்புக்கூட்டைக் கோப் அடுக்கியபோது, தலையை வால் நுனியில் வைத்துவிட்டார்! தவறு வெளிப்பட்டதும், அச்சான பிரதிகளையெல்லாம் திரும்ப வாங்க அலைந்தார். மார்ஷ் அதைக் கடைசி வரை சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

1877-ஆம் ஆண்டு மிகவும் முக்கியமானது. கொலராடோவில் ஆர்தர் லேக்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் பெரிய எலும்புகளைக் கண்டு மார்ஷுக்கு எழுதினார். பதில் தாமதமாகவே, கோப்புக்கும் சில எலும்புகளை அனுப்பினார். விஷயம் தெரிந்த மார்ஷ், வாயை மூடிக்கொண்டிருக்கும்படி 100 டாலர் அனுப்பினார். அதே ஆண்டில் வயோமிங்கில் இரண்டு ரயில்வே ஊழியர்கள் பொய்ப் பெயரில் மார்ஷுக்குக் கடிதம் எழுதினார்கள். மார்ஷ் அந்தப் பொய்ப் பெயர்களுக்கே காசோலை அனுப்ப, பாவம், அவர்களால் அதை மாற்ற முடியவில்லை!

கொலராடோவில் கோப்புக்காக எலும்பு எடுத்தவர் ஓரமெல் லூக்கஸ். இவரும் பள்ளி ஆசிரியரே. அவர் அனுப்பியவற்றுள் ஒரு முதுகெலும்புத் துண்டு இருந்தது. உடைந்த நிலையிலேயே அதன் உயரம் 1.5 மீட்டர். முழுமையாக இருந்திருந்தால் 2.7 மீட்டர், அதாவது நம் வீட்டுக் கூரையைத் தொட்டிருக்கும். ஒரே ஒரு முதுகெலும்பு! கோப் 1878-இல் அதைப் பற்றி மிகச் சுருக்கமாக எழுதி, ஒரு படத்துடன் வெளியிட்டார். அந்த விலங்குக்கு அவர் வைத்த பெயர் ஆம்பிசீலியாஸ் பிராஜில்லிமஸ். 'பிராஜில்லிமஸ்' என்றால் 'மிக எளிதில் உடையக்கூடியது' என்று பொருள். எலும்பின் தகடுகள் அவ்வளவு மெல்லியவையாக இருந்தன.

பெயருக்கேற்றாற்போல் அது மறைந்தே போயிற்று. கோப்பின் சேகரிப்பு பிற்பாடு நியூயார்க் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1921-இல் அங்கிருந்த அறிஞர்கள் தேடியபோது அந்த எலும்பு இல்லை. உதிர்ந்து தூளாகியிருக்கும், தூளை யாரோ கூட்டித் தள்ளியிருப்பார்கள் என்றே கருதுகிறார்கள். 1994-இல் ராடார் கருவி கொண்டு அந்தப் பழைய குழியைத் தேடினார்கள். பயனில்லை.

கல் ஏன் உதிர வேண்டும்? எலும்பின் நுண்துளைகளில் தாதுக்கள் படிந்து அது கல்லாகிறது. ஆனால் எல்லா இடத்திலும் சீராகப் படிவதில்லை. மேலும், அது கிடந்த பாறை களிப்பாறை. களிமண் நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் வற்றிய ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த இழுப்பும் அழுத்தமும் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல்களை உண்டாக்குகின்றன. சுற்றியுள்ள மண் தாங்கிக்கொண்டிருக்கும் வரை எலும்பு நிற்கும். மண்ணை நீக்கிவிட்டால் கீறல்கள் விட்டுக்கொடுத்துவிடும்.

இதற்கு மருந்தும் அப்போதே கண்டுபிடித்தார்கள். 1876-இல் மான்டானாவில் கோப்பும் அவருடைய உதவியாளர் ஸ்டெர்ன்பெர்கும் அரிசியைக் குழையக் காய்ச்சி, அந்தக் கஞ்சியில் துணியை நனைத்து எலும்பின் மேல் சுற்றினார்கள். காய்ந்ததும் விறைத்து நின்றது. நம் வீடுகளில் வேட்டிக்குக் கஞ்சி போடும் அதே உத்தி! பின்னர் கஞ்சிக்குப் பதில் பாரிஸ் சாந்து வந்தது. கை முறிந்தால் மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டு அதுதான். ஜிப்சத்தைச் சூடாக்கி, அதிலுள்ள நீரில் முக்கால் பங்கை ஓட்டினால் பாரிஸ் சாந்து கிடைக்கும். அந்த ஜிப்சம் நம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியிலேயே இருக்கிறது.

இனி கல்லமேட்டுக்கு வருவோம். இங்கே டைனோசார் எலும்புகள் இருப்பதை ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் மேட்லி 1929-இல் எழுதினார். பல ஆண்டுகளுக்குப் பின் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் அங்கே ஓர் இராட்சத விலங்கின் எலும்புகளை எடுத்தனர். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் பகுதி, வால் முள்ளெலும்பு ஆகியவற்றுடன் 2 மீட்டர் நீளமுள்ள கீழ்க்கால் எலும்பும் இருந்தது. 1987-இல் பி. யாதகிரி, கே. அய்யாசாமி ஆகிய இருவரும் அதற்குப் பிருகத்காயோசாரஸ் மேட்லியி என்று பெயரிட்டார்கள். 'பிருகத்' என்றால் பெரிய. 'காயம்' என்றால் உடல். பெயரின் பின்பாதி மேட்லியின் நினைவாக வைக்கப்பட்டது. அவர்கள் அதை ஊனுண்ணி என்று கருதினார்கள். 1995-இல், அமெரிக்காவில் பணியாற்றிய சங்கர் சாட்டர்ஜி, அது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று திருத்தினார்.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். அர்ஜென்டினோசாரஸ் என்ற தென் அமெரிக்க இராட்சதனின் கீழ்க்கால் எலும்பு 155 செ.மீ. அதன் எடை சுமார் 70 டன் என்று வைத்துக்கொள்வோம். நம்முடையது 200 செ.மீ. வகுத்தால் 1.29 மடங்கு. உருவம் ஒரே மாதிரி என்றால் எடை நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 1.29 × 1.29 × 1.29 = சுமார் 2.15. ஆகவே எடை 150 டன்! 2023-இல் கிரிகரி பால், லாராமெண்டி ஆகியோர் நுணுக்கமாகக் கணக்கிட்டு, 110 முதல் 170 டன் வரை இருக்கலாம் என்றார்கள். யானைக்கு 5 டன் என்றால் குறைந்தது 22 யானைகள்.

ஆனால் மும்மடிக்கு இன்னொரு முகமும் உண்டு. எலும்பை அளப்பதில் பத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கு பிழை வந்துவிடும். அதனால் மறுபடி அளந்து பார்க்க எலும்பு வேண்டும். அது இல்லை. கல்லமேட்டு எலும்புகள் மாவுக்கட்டுக்குள்ளேயே நொறுங்கி, ஆய்வகம் போய்ச் சேரும் முன்பே அழிந்துவிட்டன என்ற செய்தி 2017-இல் தான் வெளியாயிற்று. கட்டுப் போட்டும் காப்பாற்ற முடியவில்லை. அந்த மண் அப்படி.

பிறகு என்ன நடந்தது? சிலர், 'அது எலும்பே அல்ல, கல்மரத் துண்டாக இருக்கும்' என்றார்கள். சாத்தனூர் பக்கத்திலேயே இருக்கும்போது இந்தச் சந்தேகம் எழுவது இயல்புதானே? எலும்பா மரமா என்பதை ஒரு சிறு சில்லை உருப்பெருக்கியில் வைத்தால் சொல்லிவிடலாம். அந்தச் சில்லும் இல்லை. 2022-இல் அய்யாசாமியும் அவருடைய சகாவும் பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்து வெளியிட்டார்கள். சந்தேகம் குறைந்ததே தவிர முழுவதும் தீரவில்லை. கொலராடோ விலங்கின் நிலையும் இதேதான். 2006-இல் அதன் நீளம் 58 மீட்டர் என்று கணக்கிட்ட கார்ப்பென்டர், 2018-இல் அது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது என்று கூறி, நீளத்தைச் சுமார் 30 மீட்டராகக் குறைத்துவிட்டார். ஒரே படம், ஒரே அறிஞர், பாதி நீளம்!

2020-இல் குன்னம் அருகே உருண்டைக் கற்கள் கிடைத்ததும், 'டைனோசார் முட்டை' என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. வல்லுநர்கள் வந்து பார்த்து, அவை கடற்படிவால் உருண்ட கற்களே என்றார்கள். கல் கையில் இருந்ததால் விவாதம் சில நாளில் முடிந்தது.

உங்கள் ஊர் ஓடையில் விசித்திரமான கல் எதையேனும் கண்டால் தோண்டாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் குறித்து ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதுவரை வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு சுண்ணக்கட்டிகளைக் களிமண் உருண்டைகளில் புதைத்து, வெயிலில் காய வைத்து, நீர் தெளித்து, மறுபடி காய வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டியே அரிசிக் கஞ்சித் துணி சுற்றியிருக்க வேண்டும். பத்து நாள் கழித்து இரண்டையும் மெல்லப் பிரித்துப் பார்த்து, எதில் எத்தனை துண்டு என்று எண்ணி எழுதுங்கள்.