கடற்பஞ்சு கட்டிய மாளிகைகள்! சீமித் தீவுக்கு ஒரு நாள் படகுப் பயணம்

ரோட்ஸ் என்பது கிரேக்க நாட்டைச் சேர்ந்த பெரிய தீவு. அங்கே மந்த்ராக்கி என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. கோடை காலத்தில் காலை 8 மணிக்கே அங்கு கூட்டம் கூடிவிடும். வரிசையாக நிற்கும் படகுகளின் முன்னால் "சீமி" என்று எழுதிய பலகைகள் இருக்கும்.

சீமி, பக்கத்துத் தீவு. சுமார் 40 கிலோ மீட்டர் தூரம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ரோட்ஸ் தீவுக்கு வரும் உல்லாசப் பயணிகள் இந்தப் பயணத்தைத் தவற விடுவதில்லை.

துறைமுக வாசலில் இரண்டு தூண்கள். ஒன்றின் மேல் ஆண் மான் சிலை. மற்றொன்றின் மேல் பெண் மான் சிலை. பண்டைய உலக அதிசயங்கள் ஏழில் ஒன்றான வெண்கலச் சிலை, கடலுக்குக் குறுக்கே கால்களை அகட்டி வைத்துக்கொண்டு இந்த இடத்தில்தான் நின்றது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அந்தச் சிலை கி.மு. 226-ல் பூகம்பத்தில் விழுந்துவிட்டது. அது நின்ற இடம் இதுதான் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

படகு புறப்படுகிறது. வலது பக்கத்தில் மலைகள் தெரிகின்றன. அது துருக்கி நாடு. சீமித் தீவிலிருந்து துருக்கிக் கரை 10 கிலோ மீட்டர்கூட இல்லை. தீவு கிரேக்க நாட்டுக்குச் சொந்தம். எதிர்க்கரை வேறு நாடு.

மொட்டைப் பாறை

வேகப் படகு என்றால் ஒரு மணி நேரம். சாதாரணப் படகு என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகும். முதலில் தெரிவது வெறும் பாறைதான். மரம் இல்லை. வயல் இல்லை. ஆறு இல்லை. "இதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்று கேட்கத் தோன்றும்.

படகு ஒரு முனையைச் சுற்றித் திரும்புகிறது. உடனே காட்சி மாறிவிடுகிறது!

மலைச் சரிவு முழுவதும் வீடுகள். தண்ணீர் ஓரத்தில் ஆரம்பித்து மலை உச்சிவரை படிப்படியாக அடுக்கி வைத்தது போல இருக்கின்றன. மஞ்சள், வெள்ளை, வெளிர் நீலம், ரோஜா என்று பல நிறங்கள். ஒவ்வொரு வீட்டின் நெற்றியிலும் கோவில் முகப்பு போல ஒரு முக்கோணம். கரையில் ஒரு மணிக்கூண்டு. படகில் இருக்கும் அத்தனை பேரும் படம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

தீவின் பரப்பு 60 சதுர கிலோ மீட்டருக்கும் குறைவு. குடிக்கும் தண்ணீரையே பல காலம் கப்பலில் கொண்டு வந்தார்கள். பிறகுதான் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி இங்கே இருந்தவர்கள் சுமார் 2,600 பேர்தான். அதற்கு 100 ஆண்டுகளுக்கு முன்பு 20 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள்.

விளையாத பாறையில் இவ்வளவு மாளிகைகளைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது?

கடலுக்கு அடியிலிருந்து வந்தது.

கல்லோடு குதிப்பார்கள்

கடலின் அடியில் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வளரும் ஒரு பிராணி உண்டு. அதன் எலும்புக்கூடுதான் கடற்பஞ்சு. ஸ்பாஞ்சு என்று நாம் சொல்வது இதைத்தான். இப்போது கடையில் விற்பது பெரும்பாலும் ரசாயனத்தில் செய்த போலி. அந்தக் காலத்தில் உடம்பு தேய்க்கவும், சிலேட்டுத் துடைக்கவும், வைத்தியசாலையில் ரத்தம் துடைக்கவும் அசல் கடற்பஞ்சுதான்.

சீமி மக்கள் அதை எடுப்பதில் கெட்டிக்காரர்கள். கப்பல் கட்டுவதிலும் பெயர் பெற்றவர்கள். துருக்கி சுல்தான் இந்தத் தீவை ஆண்டபோது, இவர்கள் ஆண்டுதோறும் கடற்பஞ்சையே கப்பமாகக் கட்டினார்கள். பதிலுக்குத் தங்கள் ஊரைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ளும் உரிமை பெற்றிருந்தார்கள்.

எப்படி எடுத்தார்கள்? தட்டையான ஒரு சலவைக்கல். எடை 10 முதல் 15 கிலோ இருக்கும். ஓரங்களை வழவழப்பாக்கி, ஒரு துளை போட்டுக் கயிறு கட்டியிருப்பார்கள். குளியாள் அந்தக் கல்லை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தலைகீழாகக் குதிப்பான். கல் அவனை இழுத்துக்கொண்டு போகும். கல்லைச் சாய்த்தால் அந்தப் பக்கம் திரும்பலாம். அடியில் அகப்பட்ட பஞ்சை அறுத்து வலைப்பையில் போட்டுக்கொண்டு கயிற்றை ஆட்டுவான். மேலே இருப்பவன் இழுத்துவிடுவான். எல்லாம் ஒரே மூச்சில் முடிய வேண்டும்.

நம் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் கல்லின் துணையோடுதான் இறங்கினார்கள். ஆனால் அவர்கள் கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். சீமிக்காரன் கல்லைக் கையில் பிடித்துத் தலைகீழாகப் போவான். கடல் வேறு, தொழில் ஒன்று.

இந்தக் குளியாட்களில் பெரும் புகழ் பெற்றவர் சீமியைச் சேர்ந்த ஸ்டாத்திஸ் ஹாட்சிஸ். 1913-ம் ஆண்டு கார்பதோஸ் தீவின் அருகே, "ரெஜினா மார்கெரிட்டா" என்ற இத்தாலிப் போர்க்கப்பலின் நங்கூரம் கடலில் தொலைந்துபோனது. அதை எடுக்க ஹாட்சிஸ் முன்வந்தார். ஆள் ஒல்லி. கப்பல் டாக்டர்கள் பரிசோதித்தார்கள். காதுச் சவ்வு கிழிந்திருந்தது. நுரையீரலும் சரியில்லை. கரையில் மூச்சடக்கச் சொன்னால் ஒரு நிமிடம்கூட முடியவில்லை!

ஆனால் அவர் 70 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கிடந்த நங்கூரத்தைக் கண்டுபிடித்துக் கயிறு கட்டிவிட்டு வந்தார். அதற்குக் கிடைத்த பரிசு கொஞ்சம் பணமும், வெடி வைத்து மீன் பிடிக்க அனுமதியும்தான் என்று சொல்கிறார்கள்.

இரும்புத் தலை வந்தது

1863-ம் ஆண்டு சீமிக்கு ஒரு புதுமை வந்து சேர்ந்தது. ரப்பர் பூசிய உடை. செம்பினால் செய்த பெரிய தலைக்கவசம். ஈயம் வைத்த செருப்பு. படகிலிருந்து கைப்பம்பு மூலம் குழாய் வழியாகக் காற்று அனுப்புவார்கள். இந்த உடையைப் போட்டுக்கொண்டால் கடலின் அடியில் மணிக்கணக்கில் நடமாடலாம்.

கொண்டு வந்தவர் ஃபோட்டிஸ் மாஸ்டோரிடிஸ் என்ற சீமிக்காரர். உடையைப் பார்த்து மக்கள் பயந்தார்கள். அப்போது அவருடைய மனைவி எவ்கேனியா தாமே அந்த உடையை மாட்டிக்கொண்டு துறைமுகத்தில் இறங்கினார் என்பது தீவில் வழங்கும் கதை. அப்போது அவர் கர்ப்பிணி என்றும் சொல்வார்கள். பெண்ணே இறங்கிவிட்டாள் என்றதும் ஆண்கள் சும்மா இருப்பார்களா?

அதன் பிறகு பணம் கொட்டியது. ஒரே மூச்சில் 4 பஞ்சு எடுத்த இடத்தில் இப்போது மூட்டை மூட்டையாக எடுத்தார்கள். கப்பல் முதலாளிகளும் வியாபாரிகளும் மாளிகை கட்டினார்கள். இன்று பயணிகள் படம் பிடிக்கும் வீடுகளில் பல அந்தக் காலத்தில் எழுந்தவைதான்.

ஆனால் உடையோடு எமனும் வந்தான்.

ஆழத்தில் அழுத்தம் அதிகம். அங்கே சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் வாயு ரத்தத்தில் கரைந்துவிடும். மெதுவாக மேலே வந்தால் அது மூச்சு வழியாக வெளியேறிவிடும். அவசரமாக வந்தால் என்ன ஆகும்? சோடா புட்டியைத் திறந்ததும் குமிழிகள் பொங்கும் அல்லவா? அதே போல ரத்தத்தில் குமிழிகள் கிளம்பும். மூட்டுகளில் தாங்க முடியாத வலி. சிலருக்குக் கால்கள் விழுந்துவிடும். சிலர் படகிலேயே இறந்துவிடுவார்கள்.

இது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஸ்காட்லாந்தில் பிறந்த விஞ்ஞானி ஹால்டேன், படிப்படியாக நின்று நின்று மேலே வரவேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது 1908-ம் ஆண்டில்தான். உடை வந்து 45 ஆண்டுகள் ஆன பிறகு! தெரிந்த பிறகும் படகு முதலாளிகள் பலர் காத்திருக்கவில்லை. நின்று நின்று வந்தால் பஞ்சு குறையும் அல்லவா?

படகுகள் ஈஸ்டர் பண்டிகை முடிந்ததும் புறப்படும். லிபியா, எகிப்துக் கடல்வரை போகும். திரும்புவது இலையுதிர் காலத்தில்தான். போகும் முன் குளியாட்கள் முன்பணம் வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அது கடன். கடன் தீரும்வரை உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாது. ஐந்தாறு மாதம் கழித்துப் படகு வரும்போது பெண்கள் கரையில் வந்து நிற்பார்கள். நடந்து இறங்கியவர்கள் உண்டு. தூக்கி இறக்கப்பட்டவர்களும் உண்டு. இறங்காதவர்களும் உண்டு. அவர்களை ஆப்பிரிக்கக் கரையிலேயே புதைத்துவிட்டு வந்திருப்பார்கள்.

தீவு மக்கள் சுல்தானிடம் முறையிட்டார்கள். 1882-ல் உடைக்குத் தடை வந்தது. தடை நீடிக்கவில்லை. பணம் ஜெயித்துவிட்டது.

கடலுக்கு அடியில் பிணக் குவியலா?

சீமிக் குளியாட்களால் உலகத்துக்குக் கிடைத்த ஒரு பொக்கிஷத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது.

1900-ம் ஆண்டு கேப்டன் கோண்டோஸ் என்பவரின் சீமிப் படகு புயலுக்கு ஒதுங்கி, ஆண்டிகித்தேரா என்ற சிறு தீவின் அருகே நின்றது. எலியாஸ் ஸ்டாடியாட்டிஸ் என்ற குளியாள் கீழே இறங்கினார். சிறிது நேரத்தில் நடுங்கிக்கொண்டே மேலே வந்தார். அடியில் மனிதப் பிணங்களும் குதிரைகளும் குவிந்து கிடக்கின்றன என்றார்.

கேப்டனே இறங்கிப் பார்த்தார். ஒரு வெண்கலக் கையோடு மேலே வந்தார்! பிணங்கள் அல்ல, சிலைகள். 2,000 ஆண்டுகளுக்கு முன்பு மூழ்கிய கப்பலின் சரக்கு.

கிரேக்க அரசாங்கத்துக்காக அதே குளியாட்கள்தான் அந்தப் பொருள்களை வெளியே எடுத்தார்கள். பல மாத வேலை. ஒருவர் இறந்தார். இருவர் முடமானார்கள். கிடைத்த பொருள்களில் துருப்பிடித்த ஒரு கட்டியும் இருந்தது. பிறகு பார்த்தால் அதற்குள் பல் சக்கரங்கள்! சூரியன், சந்திரன், கிரகணம் இவற்றைக் கணக்கிடும் எந்திரம் அது. அந்தச் சிலைகளும் எந்திரமும் ஏதென்ஸ் நகரத்துப் பொருட்காட்சி சாலையில் இருக்கின்றன.

மக்கள் போனார்கள்

1912-ல் இத்தாலி தீவைப் பிடித்தது. வியாபாரம் படுத்தது. 1905 முதலே அமெரிக்காவில் ஃபுளோரிடா மாகாணத்து டார்பன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் பஞ்சு எடுக்கக் கிரேக்கக் குளியாட்கள் போக ஆரம்பித்திருந்தார்கள். சீமிக்காரர்களும் போனார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ல், ஜெர்மன் படைகள் பின்வாங்கும்போது மலைக் கோட்டையில் இருந்த வெடிமருந்தைக் கொளுத்திவிட்டுப் போயின. கோட்டைக் கோவிலும் சுற்றி இருந்த வீடுகளும் தூளாயின. 1945 மே 8-ந் தேதி இந்தத் தீவுக் கூட்டத்தின் ஜெர்மன் தளபதி, பிரிட்டிஷாரிடம் சரண் அடைந்து கையெழுத்துப் போட்டதும் சீமித் துறைமுகத்து வீடு ஒன்றில்தான். 1948-ல் தீவு கிரேக்க நாட்டோடு சேர்ந்தது.

பிறகு ரசாயன ஸ்பாஞ்சு வந்தது. 1986-ல் மத்தியதரைக் கடலில் பஞ்சுக்கு ஒரு நோயும் வந்தது. தொழில் முடிந்த கதைதான். உல்லாசப் பயணிகள் வர ஆரம்பித்த பிறகே பாழடைந்த வீடுகளுக்கு மறுபடியும் சுண்ணாம்பு அடித்தார்கள். இப்போது பழைய பாணியில்தான் வீடு கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

மூன்று மணி நேரம்

படகு, பயணிகளைச் சுமார் 3 மணி நேரம் ஊரில் விடுகிறது. பலர் கரை ஓரத்து ஓட்டல்களில் உட்கார்ந்துவிடுவார்கள். சீமி இறால் பிரசித்தம். விரல் நுனி அளவுதான் இருக்கும். எண்ணெயில் மொறுமொறு என்று பொரித்துக் கொடுப்பார்கள். ஓட்டோடு அப்படியே சாப்பிடலாம்.

மேல் ஊருக்குப் போக நூற்றுக்கணக்கான கல் படிகள் இருக்கின்றன. வெயிலில் ஏறுவது கஷ்டம். ஆனால் ஏறாமல் திரும்புவது நஷ்டம். இரண்டு பக்கமும் கூரை இல்லாத மாளிகைகள் நிற்கின்றன. உள்ளே அத்திமரம் முளைத்திருக்கிறது. கரையில் பார்த்த அழகுக்கு இது மறுபக்கம்.

கடைகளில் கடற்பஞ்சு தொங்குகிறது. எல்லாமே சீமிக் கடலில் எடுத்தது அல்ல. வெளிநாட்டிலிருந்தும் வருகிறது. பளிச்சென்று மஞ்சளாக இருப்பது மருந்து போட்டு வெளுத்தது. பழுப்பாக இருப்பதே நீண்ட நாள் உழைக்கும். கடலிலிருந்து எடுக்கும்போது அது கன்னங்கரேல் என்று தோல் போர்த்தி, நாற்றம் அடிக்கும். காலால் மிதித்து, கடல் நீரில் பல முறை அலசிய பிறகே இந்த உருவம் வரும்.

புட்டியில் வரும் வேண்டுதல்

சங்கு ஊதுகிறது. சில படகுகள் திரும்பும் வழியில், தீவின் தென்கோடியில் உள்ள பானோர்மிட்டிஸ் மடத்தில் நிற்கும். குதிரை லாடம் போல வளைந்த விரிகுடா. கரையிலேயே உயரமான மணிக்கோபுரம். உள்ளே வெள்ளித் தகடு போர்த்திய மைக்கேல் என்ற தேவதூதர் படம். மாலுமிகளுக்கு இவர்தான் காவல் தெய்வம். நேர்ந்துகொண்டதைச் செலுத்தாமல் போனால் படகு நகராது என்று நம்புகிறார்கள்.

போர்க் காலத்தில் ரகசிய ரேடியோவை மறைத்து வைத்ததற்காக, இந்த மடத்தின் தலைவர் 1944-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது.

தொலைவில் இருப்பவர்கள் வேண்டுதலைக் காகிதத்தில் எழுதி, காணிக்கையோடு புட்டியில் அடைத்துக் கடலில் போடுவார்களாம். அது எப்படியாவது இந்த விரிகுடாவுக்கு வந்து சேருமாம். அப்படிக் கரை ஒதுங்கிய புட்டிகளையும், சின்னஞ்சிறு மரக்கப்பல்களையும் மடத்தின் காட்சிச் சாலையில் வைத்திருக்கிறார்கள். பயணிகள் எட்டிப் பார்த்துவிட்டுப் படகுக்கு ஓடுகிறார்கள். ரோட்ஸ் போய்ச் சேரும்போது மாலை 6 மணி ஆகிவிடும்.