இந்தியாவின் இடைக்காலக் குடியரசுத் தலைவர்

இந்தியாவின் இடைக்காலக் குடியரசுத் தலைவர் என்பவர், குடியரசுத் தலைவர் பதவி இறப்பு, பதவி விலகல், பதவி நீக்கம் ஆகிய காரணங்களால் வெற்றிடமாகும்போது, புதியவர் பொறுப்பேற்கும் வரை அப்பதவியை வகிப்பவர் ஆவார். நாடாளுமன்றம் இயற்றும் சட்டமுன்வரைவுகளுக்கு ஒப்புதல் அளித்தல், அவசரச் சட்டம் பிறப்பித்தல், பிரதமரை நியமித்தல் ஆகியன குடியரசுத் தலைவரின் பெயரிலேயே நடைபெறுவதால், அப்பதவி ஒரு நாளும் வெறுமையாக இருத்தல் இயலாது.

அரசியலமைப்பு ஏற்பாடுகள்

அரசியலமைப்பின் 65ஆவது உறுப்புரையின்படி, வெற்றிடம் ஏற்படும்போது துணைக் குடியரசுத் தலைவர் இப்பொறுப்பை ஏற்கிறார். அக்காலத்தில் குடியரசுத் தலைவருக்குரிய அதிகாரங்கள் அனைத்தும் அவருக்கு உண்டு. மாநிலங்களவைத் தலைவர் பணியை அவர் ஆற்றுவதில்லை. 62ஆவது உறுப்புரையின்படி, வெற்றிடம் ஏற்பட்ட ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடைபெற வேண்டும். அதில் தெரிவு செய்யப்படுபவர் எஞ்சிய காலத்திற்கன்றி, முழுமையாக ஐந்து ஆண்டுகள் பதவி வகிக்க உரிமையுடையவர்.

1969

மே 3, 1969 அன்று குடியரசுத் தலைவர் சாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைக் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி இடைக்காலப் பொறுப்பேற்றார். அவருக்கும் இயலாது போனால் யார் பொறுப்பேற்பது என்பதை அரசியலமைப்பு நேரடியாகக் குறிப்பிடவில்லை. எனவே 70ஆவது உறுப்புரை அளித்த அதிகாரத்தைக் கொண்டு நாடாளுமன்றம் அவ்வாண்டே ஒரு சட்டத்தை இயற்றியது. இதன்படி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும், அவரும் இல்லாதபோது அந்நீதிமன்றத்தின் மூத்த நீதிபதியும் பொறுப்பேற்பர்.

இச்சட்டத்தின் தேவை விரைவிலேயே எழுந்தது. ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்த கிரி, குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிடுவதற்காக மறுநாள் பதவி விலகினார். தலைமை நீதிபதி முகம்மது இதயத்துல்லா பொறுப்பேற்று, ஆகஸ்ட் 24 வரை பதவியில் இருந்தார். அவசரச் சட்டத்திற்கு மாற்றாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய வங்கிச் சட்டத்திற்கு ஒப்புதல் அளித்தவர் இவரே. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சனை நாட்டின் தலைவராக வரவேற்றவரும் இவரே. தேர்தலில் வென்ற கிரி, அதன்பின் முழுப் பதவிக்காலத்திற்கும் குடியரசுத் தலைவரானார்.

1977

பிப்ரவரி 11, 1977 அன்று பக்ருதின் அலி அகமது காலமானபோது நாட்டில் நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்தது. பொதுத் தேர்தலும் அறிவிக்கப்பட்டிருந்தது. துணைக் குடியரசுத் தலைவர் பி. டி. ஜாட்டி ஜூலை 25 வரை இடைக்காலப் பொறுப்பு வகித்தார். மார்ச் மாதத்தில் நெருக்கடி நிலை விலக்கப்பட்டதும், மொரார்ஜி தேசாய் தலைமையில் காங்கிரசு அல்லாத முதல் நடுவண் அரசு பதவியேற்றதும் இவர் காலத்திலேயே ஆகும்.

ஒன்பது மாநிலச் சட்டமன்றங்களைக் கலைக்குமாறு புதிய அமைச்சரவை பரிந்துரைத்தபோது, ஜாட்டி உடனடியாகக் கையொப்பமிடத் தயங்கினார். எனினும் ஏப்ரல் 30 அன்று கையொப்பமிட்டார். 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம், அமைச்சரவையின் அறிவுரைப்படியே குடியரசுத் தலைவர் செயற்பட வேண்டும் என வரையறுத்திருந்தது. இடைக்காலத்தவருக்கு அதிகாரம் மட்டுமன்றி அதன் வரம்பும் முழுமையாகப் பொருந்தும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. அறிவுரையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் உரிமை, 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தின் மூலமே வழங்கப்பட்டது.