மரத்தில் பழுக்காத பழம்

சீனிவாசபுரத்து மாந்தோப்புகள் பக்கத்திலேயே இருப்பதால், கோலார் மாவட்டத்துக்காரர்களுக்கு மாங்காய் எப்போது முற்றும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காம்பருகே தோள் உயரும், ஒன்றிரண்டு தானாகவே பழுத்து விழும், பறிக்கத் தொடங்கிவிடலாம். ஆனால் தங்கவயலில் வீட்டுக் கொல்லையில் பட்டர் ஃப்ரூட் வைத்திருப்பவர்களுக்கு இந்த அறிவு உதவாது. மரத்தில் தொங்கும்வரை அந்தக் காய் கல் போலத்தான் இருக்கும். தினமும் அழுத்திப் பார்த்து எந்தப் பயனும் இல்லை.

காய் பழுக்க எத்திலீன் என்ற வாயு அதற்குள்ளேயே உண்டாக வேண்டும். காம்பு மரத்தோடு சேர்ந்திருக்கும்வரை ஏதோ ஒரு பொருள் மரத்திலிருந்து வந்து அதைத் தடுக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. பறித்த பின்புதான் தடை நீங்குகிறது. பிறகு ஒரு வாரம், பத்து நாளில் காய் குழைந்துவிடும். ஆக, முற்றுவது மரத்தில், பழுப்பது வீட்டில்.

முற்ற முற்றக் காயில் தண்ணீர் குறைந்து எண்ணெய் கூடுகிறது. கலிபோர்னியாவில் 8 சதவீத எண்ணெயாவது இருந்தால்தான் விற்கலாம் என்று 1925-லேயே சட்டம் போட்டார்கள். எண்ணெயை அளப்பது சிரமம் என்பதால் பின்னர் உலர் எடையைக் கணக்கிட்டார்கள். ஹாஸ் ரகத்துக்கு அந்த அளவு 20.8 சதவீதம். வீட்டிலும் செய்யலாம்: 100 கிராம் சதையைத் துருவி, மைக்ரோவேவ் அடுப்பில் மெல்லிய சூட்டில், எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தி நிறுத்தால் ஏறக்குறைய 21 கிராம் மிஞ்ச வேண்டும். ஆனால் நம் ஊர் மரங்களில் பெரும்பாலானவை ஹாஸ் அல்ல. எண்ணெய் குறைந்த ரகங்களும் உண்டு, அவற்றுக்கு இந்த எண் பொருந்தாது.

கொடைக்கானல் மலைச்சரிவில் உள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.கே.டி-1 போன்ற ரகத்தின் ஒட்டுக்கன்று என்றால், அதே ரகம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் எந்த மாதம் பறிக்கிறார் என்று கேட்டாலே போதும். கொட்டை போட்டு முளைத்த மரம் அப்படியல்ல. ஒவ்வொன்றும் தனி ரகம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு.

நிறத்தையும் பார்க்க வேண்டும். பச்சைக் காயில் லேசாக மஞ்சள் ஓடும், ஊதாக் காய் அரக்கு நிறத்துக்கு மாறும். நான் அதிகம் நம்புவது கொட்டையைத்தான். பெரிய காயாக ஒன்றைப் பறித்து அறுத்துப் பாருங்கள். கொட்டையின் மேல்தோல் வெளுத்துத் தடிப்பாக இருந்தால் காய் பிஞ்சு. காகிதம் போல் மெலிந்து பழுப்பாகியிருந்தால் முற்றிவிட்டது. கூடவே இன்னொரு காயைப் பறித்து அறையில் வைத்துவிடுங்கள். சுருங்காமல் சீராகக் குழைந்தால் மற்றவற்றிலும் கை வைக்கலாம். பிஞ்சில் பறித்தது ரப்பர் போலாகி, தோல் சுருங்கிக் கசக்கும். அதை எத்தனை வாழைப்பழத்தோடு மூடி வைத்தாலும் தேற்ற முடியாது.

முற்றிய காய்களை ஒரே நாளில் பறிக்க வேண்டாம். மரத்தை விடச் சிறந்த குளிர்பெட்டி இல்லை. பெரியவற்றை முதலில், காம்பு சிறிது ஒட்டியிருக்க வெட்டி, வேண்டிய அளவு எடுங்கள். மிச்சம் சில வாரங்கள் தாங்கும். அதற்கு மேல் விட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், சிலவற்றில் கொட்டை உள்ளேயே முளைவிட்டிருக்கும்.