பாட்டுக் கேட்டு அலுக்குமா?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அமிர்தத்தை நாம் யாரும் கண்டதில்லை. ஆகையால் அதன் அளவைப் பற்றிக் கவலையும் இல்லை. சங்கீதத்தின் விஷயம் அப்படியா? காலையில் கண் விழித்தது முதல் இரவு படுக்கும் வரை அது நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பூஜை அறையில் சுப்ரபாதம், சமையலறையில் ரேடியோ, கூடத்தில் டெலிவிஷன், பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஸரளி வரிசை, தெருக்கோடிக் கல்யாண மண்டபத்தின் ஒலிபெருக்கி! போதாக்குறைக்குப் பிள்ளையாண்டான் கையிலுள்ள செல்போன் வேறு. இத்தனைக்கும் நடுவில், "அப்பாடா, எல்லாவற்றையும் கொஞ்சம் நிறுத்துங்களேன்!" என்று நீங்கள் ஒரு நாளாவது சொன்னதில்லையா?

சொல்லியிருப்பீர்கள். சொன்ன கையோடு, "சங்கீதமே அலுக்கிறதென்றால் நமக்கு ரசனை போதாதோ?" என்று மனசு உறுத்தியும் இருக்கும். இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு நல்ல இடம் இருக்கிறது. சபாக்கள் நிறைந்த மயிலாப்பூரோ, ஆராதனை நடக்கும் திருவையாறோ அல்ல. ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் திருத்தணிகை மலைதான் அது. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர். 1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதிதான் அது ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்துடன் வந்து சேர்ந்தது. அங்கே போய்த்தான் பார்ப்போமே!

கற்கண்டும் முதல் பாட்டும்

சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீக்ஷிதர் திருவாரூரில் பிறந்தவர். இளமையில் குடும்பத்தோடு சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வசித்தார். பிறகு சிதம்பரநாத யோகி என்ற பெரியவருடன் காசிக்குப் போய்ச் சில வருஷங்கள் தங்கித் திரும்பினார். திரும்பியவர் திருத்தணிக்கு வந்து, மலைமேல் முருகன் சந்நிதியில் தியானத்தில் அமர்ந்தாராம். அப்போது ஒரு கிழவர் வந்து, "வாயைத் திற" என்று சொல்லி, நாவில் ஒரு கற்கண்டைப் போட்டு விட்டு மறைந்தாராம். கற்கண்டு கரைந்தது, பாட்டு பிறந்தது. இது சங்கீத உலகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் வரலாறு.

அந்த முதல் பாட்டு 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்று தொடங்கும் கீர்த்தனம். அதன் ராகம் எது தெரியுமா? மாயாமாளவகௌளை!

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அந்த ராகம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ எந்தக் குழந்தை பாட்டு வாத்தியார் முன்னால் உட்கார்ந்து 'ஸரிகம' என்று ஆரம்பித்தாலும், அது பாடுவது மாயாமாளவகௌளைதான். புரந்தரதாசர் வகுத்த முறை என்று சொல்லி, ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாவற்றையும் அந்த ராகத்தில்தான் கற்றுக் கொடுக்கிறார்கள். அதன் ஸ்வரங்களில் முன்பாதியும் பின்பாதியும் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருப்பதால் குழந்தையின் தொண்டைக்குப் பிடிபடுவது சுலபம்.

ஆக, "ஐயோ, இன்னும் அதே ஸரளி வரிசையா!" என்று நாம் காதைப் பொத்திக்கொள்கிறோமே, அதே ராகத்தில்தான் தீக்ஷிதர் தம் நாவைத் திறந்தார். தெவிட்டிய பண்டம் என்று நாம் ஒதுக்கியதில் அவருக்குக் கற்கண்டு கிடைத்தது. அப்படியானால் அலுப்பு ராகத்திலா இருக்கிறது?

ஒரே பெயர், எட்டு வேற்றுமை

தீக்ஷிதர் அந்த ஒரு பாட்டோடு நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் நெட்டுருப் போட்ட எட்டு வேற்றுமைகள் நினைவிருக்கிறதல்லவா? 'குருகுஹன்' என்ற ஒரே பெயரை ஸம்ஸ்கிருத இலக்கணத்தின் எட்டு வேற்றுமைகளிலும் வைத்து எட்டுக் கீர்த்தனங்கள் பாடினார். 'குருகுஹனை' என்று ஒன்று, 'குருகுஹனால்' என்று ஒன்று, விளியாக அழைத்து ஒன்று. இலக்கணப் பாடம் போல வறண்டு போயிருக்க வேண்டிய காரியம். ஆனால் பெயர் ஒன்றாக இருக்க, ஒவ்வொரு பாட்டுக்கும் ராகத்தை மாற்றிக் கொண்டே போனார். அதனால் எட்டும் எட்டு ருசியாகிவிட்டன. அவர் பாடல்கள் பலவற்றை ஸ்வரக் குறிப்புடன் சுப்பராம தீக்ஷிதர் 1904-இல் 'சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரும் நூலில் அச்சேற்றி வைத்தார். நமக்கு அவை கிடைத்தது அதனால்தான்.

இதே வித்தையை அவருக்கு முன்னூறு வருஷங்களுக்கு முன்பே தமிழில் செய்தவர் அருணகிரிநாதர். தணிகையையும் அவர் நிறையப் பாடியிருக்கிறார். திருப்புகழ்ப் பாடல்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும். எங்கே சுற்றி வந்தாலும் முடிவில் 'பெருமாளே' என்றுதான் வந்து நிற்கும். ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள், ஒரே முடிவு! ஆனால் சந்தம் இருக்கிறதே, அது ஒன்றில் குதிரை போல் ஓடும், ஒன்றில் தொட்டில் போல் ஆடும். வரப் போகும் சொல் நமக்குத் தெரியும். எந்த வழியாக வரும் என்பதுதான் தெரியாது. ருசி அதில்தான் இருக்கிறது.

திருத்தணி மலைக்கு 365 படிகள், வருஷத்தில் நாளுக்கு ஒரு படி வீதம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ஆம் தேதி இந்தப் படிகளுக்குப் பூஜை செய்து, படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு அடியார்கள் மலையேறுகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்தில், புது வருஷம் பிறந்ததும் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு துரைமாரைப் பார்க்க ஓடிய ஜனங்களைத் துரைகளுக்கெல்லாம் துரையான தணிகைத் துரையிடம் திருப்புவதற்காக வள்ளிமலை சச்சிதானந்த ஸ்வாமிகள் ஏற்படுத்திய விழா இது என்பார்கள். பாடிப் பாடி ஏறுகிறவர்களுக்குக் கால் வலிக்கலாம். பாட்டு அலுத்தது என்று பாதிப் படியில் திரும்புகிறவர் உண்டா?

விஞ்ஞானிகள் என்ன சொல்கிறார்கள்?

"பக்தி இருக்கும் இடத்தில் அலுப்புக்கு வேலையில்லை. வெறும் பாட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயந்தான்.

1968-இல் அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ராபர்ட் ஸயான்ஸ் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார். ஒரு பொருளை அடிக்கடி பார்ப்பதாலேயே, கேட்பதாலேயே அதன்மேல் பிரியம் வளர்கிறது என்றார். மாமியார் வீட்டுச் சமையல் பிடித்துப் போவதும் இந்த ரகந்தான் போலிருக்கிறது! ஆனால் அந்தப் பிரியம் ஏறிக்கொண்டே போவதில்லை. ஓர் உச்சிக்கு ஏறி, பிறகு இறங்கத் தொடங்குகிறது என்று டேனியல் பெர்லைன் போன்றவர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். எளிய மெட்டு சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் சலிக்கும். நுட்பமான சங்கீதம் மெதுவாகப் பிடிக்கும், நெடுநாள் நிற்கும். சினிமாப் பாட்டில் ஒன்று ஒரு மாதத்தில் உதிர்ந்துவிட, இன்னொன்று அறுபது வருஷமாக வாடாமல் இருக்கும் ரகசியம் ஓரளவு இதுதான்.

கனடாவில் மான்ட்ரீல் நகர ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் வெளியிட்ட சோதனை இன்னும் ருசிகரமானது. மயிர்க்கூச்செறியச் செய்யும் பாட்டை அவரவரே கொண்டுவரச் சொல்லி, அதைக் கேட்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். இன்பத்தோடு சம்பந்தப்பட்ட டோபமைன் என்ற ரசாயனம் அந்த உச்ச இடத்தில் சுரந்தது. அது மட்டுமல்ல, 'இதோ வரப் போகிறது' என்று காத்திருக்கும் விநாடிகளிலேயே, மூளையின் வேறொரு பகுதியில், அது சுரக்கத் தொடங்கிவிட்டது. பழகிய பாட்டில் காத்திருப்பதும் ஒரு சுகம். 'பெருமாளே' வரப் போகிறது என்று தெரிந்திருப்பதன் சுகமும் இதுவே அல்லவா?

சகோதரிகளே, இங்கே ஒரு வார்த்தை. பாட்டு என்றாலே எழுந்து போய்விடும் கணவர் உங்கள் வீட்டில் இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மற்ற இன்பங்களெல்லாம் சரியாக இருந்தும் சங்கீதத்தில் மட்டும் இன்பம் தோன்றாத மனிதர்கள் சிலர் உண்டு என்று பார்சிலோனா ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் காட்டினார்கள். காது நன்றாகக் கேட்கும், சுருதி பேதமும் தெரியும், ஆனந்தந்தான் பிறப்பதில்லை. அது அவர்கள் குற்றமல்ல.

அலுப்பு எங்கே பிறக்கிறது?

நம் வித்வான்கள் இதையெல்லாம் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். ஒரே பல்லவியை மணிக்கணக்கில் விஸ்தரித்த காலம் ஒன்று இருந்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அதை மாற்றி, வர்ணத்தில் விறுவிறுப்பாகத் தொடங்கி, பல கீர்த்தனங்கள், ஒரு ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடாக்கள் என்று கச்சேரியை இலை போட்டுப் பரிமாறும் விருந்தாக வகுத்தார். கூட்டுக்குப் பின் ரசம், ரசத்துக்குப் பின் பாயசம்! அந்த முறைதான் இன்றும் மேடையில் நிற்கிறது. தனி ஆவர்த்தனத்தின்போது காப்பி குடிக்க எழுந்து போகும் ரசிகர்களை மட்டும் அவராலும் நிறுத்த முடியவில்லை.

வீணை தனம்மாள் வழி வேறு. ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வாசிப்புக்கு மகா வித்வான்களே வந்து வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். சிறிய நாதம், ஆனால் சுற்றிலும் பெரிய நிசப்தம். அந்த நிசப்தம் இல்லாவிட்டால் அந்த நாதம் கேட்டிருக்குமா?

நமக்கு இன்று குறைவாக இருப்பது சங்கீதமல்ல, நிசப்தம். நாம் கேட்க விரும்பிய பாட்டு அலுக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அலுப்பதெல்லாம் பிறர் நம் காதில் திணிக்கும் பாட்டுத்தான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் வருஷத்திலேயே மத்திய சர்க்கார் விதி செய்ததும் இதற்காகத்தான்.

எம்.எஸ். சுப்புலக்ஷ்மியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் இசைத்தட்டாக வந்தது. அன்று முதல் எத்தனை வீடுகளில், எத்தனை ஆயிரம் காலைகளில் அது ஒலித்திருக்கும்! அலுத்ததா? இல்லை. காரணம், அதற்கென்று ஒரு வேளை இருக்கிறது. விடிந்தது என்று சொல்லிவிட்டு அது ஓய்ந்துவிடுகிறது. அதையே மத்தியானம் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு வாரம் தாங்குமா?

வேளை வேண்டும், இடைவெளி வேண்டும். இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கேட்கிறவருக்கு அலுத்தாலும் பாடுகிறவருக்கு அலுப்பதில்லை. நம் வீடுகளில் எத்தனை வீணைகள் உறை போட்டபடி மூலையில் நிற்கின்றன! பெண் பார்க்க வந்தவர்கள் முன் ஒரு பாட்டு. கல்யாணமான பிறகு கொலுவுக்கு ஒரு பாட்டு. அதற்கப்புறம் தொண்டையே மறந்து போகிறது. பெட்டி பாட, நாம் கேட்டு அலுத்துக்கொள்கிறோம். பத்து வருஷம் கற்றுக்கொண்ட வித்தையை விட்டுவிட்டு, மற்றவர் பாடுவதைப் பற்றி முணுமுணுப்பதா?

நாளைக் காலையில் பெட்டியை நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் நீங்களே பாடுங்கள். குரல் கட்டியிருந்தால் கட்டியிருக்கட்டும். பாட்டு எதுவும் நினைவில் இல்லையென்றால் குழந்தையோடு உட்கார்ந்து அந்த மாயாமாளவகௌளையையே பாடுங்கள். முருகனின் கோபம் தணிந்த இடம் என்பதால் அந்த மலைக்குத் தணிகை என்று பெயர் வந்தது. உங்கள் அலுப்பும் தணிகிறதா இல்லையா, பாருங்களேன்!